பேர் சொல்லக் கூடாத வேர்

அந்தத் துணிப்பையை எடுத்து ஓரமாக வைக்கலாம் என்று தூக்கினேன். உள்ளே ஏதோ கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

என் தம்பி சாம்ராஜின் வீட்டுச் சமையலறை அது. இராஜாக்கமங்கலத்தில் கடற்காற்று தாராளமாக வரும் வீடு. அன்றைக்கு மட்டும் ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். சாமுக்கு வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறது என்றாள் அவன் மனைவி ஜெபா. மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு இல்லாத கஞ்சிக்கென்று ஒரு வாசனை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே வீட்டுக்குள் ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்துவிடும் வாசனை.

பையை மறுபடியும் ஆட்டிப் பார்த்தேன். மறுபடியும் சத்தம். உள்ளே கைவிட்டேன். அடியில் மண்ணும் சருகுமாகக் கிடந்ததற்கு நடுவே ஊதிப்போன நாலைந்து காய்கள். விரல் நுனி அளவு இருக்கும், முற்றிக் கறுத்திருந்தன. காதோரம் வைத்து ஆட்டினால் விதைகள் உருளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

காயைச் சட்டென்று கீழே வைத்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். என் புலம்பலில் பாதி அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதானே. அந்தக் காயை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். கிலுகிலுப்பை. மஞ்சளாகப் பூக்கும், பார்க்க லட்சணமான செடி. ஆனால் ஆடு மாடு அளவுக்கு மேல் தின்றால் முதலில் கெட்டுப்போவது கல்லீரல்.

கல்லீரல் கெட்டுத்தான் என் தம்பி படுத்துக் கிடந்தான்.

டாக்டர் கேட்ட கேள்வி

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சாம் மஸ்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்து பெயிண்ட் கடை போட்டவன். சாப்பாட்டில் கறாரானவன், அதாவது மீன் இல்லாத சோற்றைச் சோறு என்று ஒப்புக்கொள்ளாதவன். அவனுக்கே ஒருநாள் மீன் வாசனை குமட்டியது. ஜெபாவுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு நாளில் கண் மஞ்சள், அப்புறம் நகம், அப்புறம் உள்ளங்கை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். கெட்ட தண்ணீரில் வந்ததுதான், ஓய்வெடுத்தால் தானாக இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். காமாலையின் அளவு இறங்கவில்லை. சற்று ஏறியிருந்தது.

அந்த இரண்டாவது தடவைக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். காகிதத்தைப் பார்த்தார், சாமைப் பார்த்தார், கடைசியில் ஜெபாவைப் பார்த்தார்.

“நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?”

ஜெபா தரையைப் பார்த்தாள். சாம் ஜன்னலைப் பார்த்தான். பரீட்சை ஹாலில் எத்தனையோ முகங்களைப் பார்த்த எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

“அம்மா கொண்டுவந்தாங்க” என்றாள் ஜெபா கடைசியில். “ஏதோ வேரு. மோருல அரைச்சுக் குடுக்கச் சொன்னாங்க.”

“என்ன வேர்?”

“தெரியாது டாக்டர். பேரு சொல்ல மாட்டாங்க.”

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “இனிமே ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க. அது என்ன செடின்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். அடுத்த தடவையும் இறங்கலைன்னா திருவனந்தபுரம் கொண்டு போக வேண்டியிருக்கும்” என்றார்.

எங்கள் ஊரில் ‘திருவனந்தபுரம் கொண்டு போகணும்’ என்று டாக்டர் சொன்னால் கைமீறிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து ஜெபா கஞ்சியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான், அவள் அம்மா வேர் கொண்டுவந்த அந்தப் பையைத் தூக்கினேன்.

வேரைப் பார்த்து என்ன சொல்ல?

“மிச்சம் வேர் இருக்கா?” என்று ஜெபாவிடம் கேட்டேன்.

ஒரு துண்டு இருந்தது. விரல் பருமன், பழுப்பு நிறம், மேல்தோலைச் சீவியிருந்தாள். நறுக்கிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், நுனி நாக்கில் வைத்துத் துப்பினேன். கசந்தது. உலகத்தில் பாதி வேர் கசக்கும்.

இலை இருந்தால் சொல்லிவிடுவேன். பூ இருந்தால் பேச்சே இல்லை. தோல் சீவிய வேரை வைத்துக்கொண்டு செடியைச் சொல்வது, எலும்பைக் காட்டி ஆள் யார் என்று கேட்பது மாதிரி. என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கிலுகிலு காய்தான்.

“மைனி, ஏன் இப்படி முழிக்கியோ? என்னான்னு சொல்லுங்கோ” என்றாள் ஜெபா.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. சொல்லிவிட்டேன். இந்தக் காய்க்குரிய செடியின் வேர்தான் அது என்றால் நல்லதில்லை, கல்லீரலுக்கு ஆகாது என்றேன். ஜெபா முகம் வெளுத்துப்போய் உடனே போனை எடுத்தாள். அவளுக்கு அம்மா மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

ஜெபாவின் அம்மா ஞானப்பூ மாமி ஆரல்வாய்மொழியில் தனியாக இருக்கிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். ஆறு ஆடு, இரண்டு ஏக்கர் புஞ்சை, ஞாயிற்றுக்கிழமை ஆலயம், இவ்வளவுதான் அவள் உலகம். மஞ்சள் காமாலைக்கு வேர் கொடுக்கிறதை அவள் தொழிலாகச் செய்வதில்லை. யாராவது கேட்டு வந்தால் வேர் தோண்டிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். செடியின் பேரையும் சொல்ல மாட்டாள். பேர் சொன்னால் மருந்து பலிக்காது. அவள் மாமியார் அவளுக்கு அப்படித்தான் கொடுத்தாளாம். செடியைக் காட்டினாளே தவிர பேரை வாயால் சொல்லவில்லை.

ஜெபா ஸ்பீக்கரில் போட்டாள்.

“எம்மா, அது என்ன வேரு? இப்பம் சொல்லு.”

“சொல்லப்பிடாது மக்கா.”

“டாக்டர் கேக்காங்க!”

“டாக்டர் கேட்டா? டாக்டரு மருந்துக்குப் பேரு உண்டும், அவிய சொல்லட்டும். இதுக்குச் சொல்லப்பிடாது. சொன்னா என் மருமவனுக்குல்லா கேடு.”

“உன் மருமவனுக்குக் கேடு வந்திட்டுதான் கெடக்கு!” என்று ஜெபா கத்தி, அழுது, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தேன். வகுப்பில் வராத பக்குவமெல்லாம் வந்தது. “மாமி, நீங்க சொல்லாண்டாம். நான் ஒரு பேரு சொல்லுகேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்கோ.”

“அதுவும் சொன்னதுக்குச் சமம் தான் மக்கா.”

“உம் கொட்டுங்கோ.”

“உம் கொட்டுனாலும்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒன்றை அப்போதே கவனித்தேன். மாமியின் குரல் நடுங்கியது. நான் எதற்குப் பயந்தேனோ அதற்குத்தான் அவளும் பயந்தாள். சாமைக் காப்பாற்ற நான் அந்தப் பேரைக் கேட்டேன். சாமைக் காப்பாற்ற அவள் அந்தப் பேரை மறைத்தாள். இதில் யாரை வைய முடியும்?

“தோண்டுன இடத்தையாவது காட்டுவியளா?” என்றேன்.

“பாக்கதுக்குத் தடை ஒண்ணும் இல்ல” என்றாள்.

நாற்பது கைகளில் ஒரே கிழிசல்

மறுநாள் ஆரல்வாய்மொழி பஸ்ஸில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது கொழிஞ்சியைப் பற்றி.

மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்தில் கொடுக்கிற வேர்களில் கொழிஞ்சியும் ஒன்று என்று கேள்விப்பட்டிருந்தேன். கொழிஞ்சியாக இருந்தால் நல்லது. அது மருந்து என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிலுகிலுப்பையைப் போலக் கல்லீரலைப் பிடித்து உலுக்குகிற செடி இல்லை. இரண்டும் பயறு அவரை குடும்பம்தான். அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது, ஒரே ஊர்க்காரர்கள் என்று சொல்லலாம்.

கொழிஞ்சியைப் பார்க்காத ஆள் நாஞ்சில் நாட்டில் இருக்க முடியாது, கவனித்தவர்கள்தான் குறைவு. வழியோரம், தரிசு, தண்டவாளச் சரிவு என்று எங்கும் கிடக்கும். முழங்கால் உயரம். ஒரு காம்பில் எதிரும் புதிருமாகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக ஒன்று. செவ்வூதாவில் சின்னப் பூ, பயற்றம் பூவின் அதே சாயல். காய் தட்டையாக, லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், ஆட்டினால் சத்தம் வராது. நெல் நடுவதற்கு முந்தி வயலில் தழையுரமாக மிதித்துவிடுவார்கள். வேரில் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகளில் காற்றிலிருந்து உரம் சேர்த்து வைத்திருக்கும்.

வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் முதலில் இலையைக் கையில் கொடுத்துவிடுவேன்.

“நுனியைப் பிடிச்சு மெதுவா இழுங்க” என்பேன்.

சாதாரண இலை எப்படி வேண்டுமானாலும் கிழியும். கொழிஞ்சி இலை அப்படிக் கிழியாது. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இழுத்தால் அந்த நரம்புகளின் வழியாகவே பிரிந்து, அம்பு முனை மாதிரி கூராகப் பிய்ந்து வரும். ஒரு பாதியில் கூர், மறு பாதியில் அதற்கேற்ற பள்ளம். நாற்பது பேர் இழுத்தாலும் நாற்பதும் அப்படியே வரும். கொட்டாவி நின்றுவிடும். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு ஸ்கூல் வேலியோரம் ஒரு முழு இலையைப் பார்க்க முடியாது.

ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், இது எதுக்கு உதவும்?” என்று கேட்டாள்.

“பரீட்சைக்கு” என்றேன். வேறு என்ன சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் பூக்கள் நடுவே

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காற்று சேலையைப் பிடுங்கியது. கணவாய்க் காற்று அப்படித்தான், மரியாதை தெரியாது. மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள்.

“சாப்பிட்டியா மக்கா?”

“சாப்பிட்டாச்சு. எடத்தக் காட்டுங்கோ.”

“சாயாவாவது குடி.”

“மாமி, எடத்தக் காட்டுங்கோ.”

வழியில் என்னிடம் சாமைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். மூத்திரம் என்ன நிறம்? வயிறு உப்பியிருக்கா? தூங்குகிறானா? ஜெபா இன்னும் கோபமாக இருக்கிறாளா? ஒவ்வொன்றுக்கும் நான் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

காற்றாலைகளைத் தாண்டி ஒரு செம்மண் தரிசு. “இந்தா, இஞ்சதான்” என்று மாமி நின்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மஞ்சள் பூ. கிலுகிலுப்பை. காற்று அடிக்க அடிக்க முற்றிய காய்கள் எல்லாம் ஒன்றாகக் கிலுகிலுத்தன. தரிசு முழுக்க அந்தச் சத்தம்தான். என் வாழ்நாளில் ஒரு செடியின் சத்தத்தைக் கேட்டு நான் அப்படிப் பயந்ததில்லை.

“இதையா தோண்டுனியோ?” என்று ஒரு மஞ்சள் பூவைப் பிடித்துக் காட்டினேன்.

மாமி வாயைத் திறக்கவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

“வேற செடி ஒண்ணையும் காணல்லியே மாமி!”

“ஆடு மேயும்லா. அது கடிக்கதக் கடிச்சிட்டுப் போவும். கடிக்காதது நிக்கும்.”

அது உண்மைதான். வேறு மேய்ச்சல் இருந்தால் கிலுகிலுப்பையை ஆடு தொடாது. தொட்டதெல்லாம் தரையோடு தரையாக மொட்டையாகக் கிடந்தது. குச்சியும் கட்டையும் மட்டும். அதில் எது என்ன என்று யார் சொல்வது?

“தோண்டுன குழி எங்க?”

காட்டினாள். ஒரு முழ ஆழத்தில் மூன்று குழிகள். பக்கத்தில் இலை தழை ஒன்றும் கிடக்கவில்லை. “தலைய வெட்டி ஆட்டுக்குப் போட்டேன்” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது, ஒன்றும் தெரியாமலே திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். சாமை வண்டியில் படுக்க வைத்துத் திருவனந்தபுரம் கொண்டுபோகிற காட்சி கண்முன் வந்துபோனது.

அப்படியே முதல் குழியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாதி மண்ணுக்கு

உட்கார்ந்த பிறகுதான் குழிக்குள் பார்த்தேன். மேலிருந்து பார்த்தபோது கண்ணில் படவில்லை.

குழியின் அடியில், வெட்டுப்பட்ட வேரின் மீதி மண்ணுக்குள் நின்றது. அதன் ஓரத்திலிருந்து பச்சையாக ஒரு துளிர் எழுந்திருந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

“மாமி, வேரை முழுசாத் தோண்டல்லியா?”

“முழுசா எடுக்கப்பிடாதுல்லா. மேல் பாதி நமக்கு. கீழ்ப் பாதிய மண்ணுக்கு விட்டிரணும். அப்பந்தான் மருந்து கேக்கும்.”

மருந்து கேட்குமோ கேட்காதோ, செடி கேட்டிருந்தது. ஒரு வருஷத்தில் பூத்துக் காய்த்துச் செத்துப்போகிற செடியாக இருந்தால் அந்தப் பாதி வேர் மக்கியிருக்கும். இது வருஷக்கணக்காக இருந்து வாழ்கிற ஜாதி. ஆடு கடிக்கட்டும், வெயில் காயட்டும், மண்வெட்டி விழட்டும், கட்டைக்குள் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். முந்தின வாரம் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது, அது போதுமாக இருந்தது.

குழிக்குள் குனிந்தேன். காற்றில் கண்ணெல்லாம் மண். துளிரில் இரண்டு இலைதான் விரிந்திருந்தது. ஒரு காம்பு, எதிரெதிராகச் சிற்றிலைகள், நுனியில் ஒற்றை. கிலுகிலுப்பைக்கு இப்படி இலை கிடையாது. அதற்கு ஒரு காம்புக்கு ஒரே இலை. பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு நீலச்சாயம் எடுக்கிற அவுரி குறுக்கே நின்றது. துளிராக இருக்கும்போது அவுரியும் இப்படித்தான் இருக்கும், இலை மட்டும் கூராகக் கிழியாது.

ஒரு சிற்றிலையைக் கிள்ளினேன். நுனியைப் பிடித்து இழுத்தேன். அவசரத்தில் பிசகிக் கசங்கிவிட்டது. இன்னொன்றைக் கிள்ளிச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து மெதுவாக இழுத்தேன்.

அம்பு முனை மாதிரி கூராகப் பிய்ந்து வந்தது.

மூன்றாவதையும் இழுத்தேன், அதுவும் அப்படியே. இரண்டாவது குழிக்கு ஓடினேன், மூன்றாவதுக்கு ஓடினேன். மூன்று குழியிலும் துளிர் இருந்தது. மூன்று துளிரிலும் அதே கிழிசல். எனக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது என்பது அந்த நிமிஷம் மறந்தே போய்விட்டது.

“கொழிஞ்சி!” என்று கத்தினேன். “மாமி, கொழிஞ்சி! கொழிஞ்சிதான்!”

மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

இப்போது மாமியின் முறை

“அட பாவி மக்கா, சொல்லிட்டியே!”

சந்தோஷத்தில் எனக்கு முதலில் விளங்கவில்லை. மாமி குழி ஓரத்தில் அப்படியே குந்திவிட்டாள். முகம் சுருங்கிப்போயிருந்தது.

“மூணு தடவ சொல்லிட்டியே. இனி எப்படிப் பலிக்கும்? என் மருமவன் எப்படி எழும்புவாரு?”

எனக்கு உயிர் வந்த அதே வார்த்தையில் அவளுக்கு உயிர் போயிருந்தது. பஸ்ஸில் வரும்போது இந்தக் கிழவியை என்ன பேச்சுப் பேச வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமி, டாக்டர் இந்த மருந்த நேத்தே நிறுத்திட்டாவ. இனிமே அவன் குடிக்கப் போறதில்ல.”

“அப்பம்?”

“நான் பேரு சொன்னது இப்பம்தான. அதுக்கு முன்னால குடிச்சது குடிச்சதுதான?”

மாமி யோசித்தாள். என் வாழ்க்கையில் எந்தப் பிள்ளையும் என் பதிலை அவ்வளவு கவனமாக யோசித்ததில்லை.

“அது உள்ள போயாச்சு” என்றாள் மெதுவாக. “போனது போனதுதான்.”

“பின்ன என்ன?”

அப்போதுதான் எனக்கு அந்தக் காய்கள் ஞாபகம் வந்தன. கொழிஞ்சி என்றால் பைக்குள் கிலுகிலுப்பை எப்படி வந்தது?

“அது வேரச் சேத்துக் கெட்டுனதுல்லா” என்றாள் மாமி. பேர் சொல்லியாகிவிட்டதால் இப்போது வாய் தாராளமாகத் திறந்தது. “வேரக் கெட்டயதுக்குக் கயிறு கொண்டு போகல்ல. இதுல ஒண்ண முறிச்சு நாரோட சுத்திக் கெட்டுனேன். நல்ல பலம் உண்டும். அறாது.”

அதுவும் சரிதான். கயிறு திரிக்கப் பயிர் செய்கிற சணப்பும் இதே இனம். தண்டில் நார் இருக்கும். நான் அதையெல்லாம் பாடமாக நடத்தியவள். காயைப் பார்த்ததும் பயத்தில் தண்டை மறந்துவிட்டேன்.

உடனே அடுத்த பயம் பிடித்தது. கட்டிய தண்டையும் சேர்த்து அரைத்திருந்தால்?

ஜெபாவுக்குப் போன் போட்டேன். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. மாமி தன் தலைத்துண்டை அவிழ்த்து என் தலையையும் போனையும் சேர்த்து மூடினாள். அந்தக் கூடாரத்துக்குள் இருந்து நான் கத்தினேன்.

“ஜெபா, வேரைக் கெட்டியிருந்த குச்சிய என்ன செய்தே?”

“எந்தக் குச்சி மைனி?”

“வேரைச் சுத்தி நாரு மாதிரி ஒண்ணு கெட்டியிருந்ததுல்லா!”

“அதா? அது அவுக்க வராம கத்தி வச்சு அறுத்துல்லா எடுத்தேன். கொல்லையில போட்டேன். இன்னும் அங்கதான் கெடக்கு. ஏன் மைனி?”

“அரைக்கல்லியே?”

“அரைக்கயதுக்கு அது என்ன வேரா? எம்மா வேர மட்டும்தான் அரைக்கச் சொன்னா.”

நான் துண்டுக்குள்ளேயே சிரித்தேன். மாமிக்கு நான் அழுகிறேன் என்று தோன்றியிருக்கிறது, முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சாளை

டாக்டரிடம் போய்ச் செடியின் பேரைச் சொன்னேன். இலையைக் கிழித்தும் காட்டினேன். அவர் பார்த்தார், நன்றி சொன்னார், “எதுவா இருந்தாலும் இனிமே வேண்டாம்” என்றார். இரண்டாவது தடவை அளவு ஏறியது நோயின் போக்காகவும் இருக்கலாம், வேர் அரைத்துக் குடித்ததன் சுமையாகவும் இருக்கலாம், நீங்கள் பயந்த செடி இல்லை என்பதால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுத்தோம்.

மூன்றாவது தடவை ரத்தம் எடுத்தபோது இறங்கியிருந்தது. நாலாவது தடவை இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. திருவனந்தபுரம் என்ற பேச்சே அப்புறம் எழவில்லை. ஒருநாள் காலையில் சாம் தானாக எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, “ஏட்டி ஜெபா, சாளைக்காரி போறா, காதுல விழல்லியா?” என்று கேட்டானாம். மீன் கேட்கிறான் என்று ஜெபா எனக்குப் போன் செய்து சொல்லிச் சொல்லி அழுதாள்.

சாதாரணச் சாப்பாடு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் போயிருந்தேன். ஞானப்பூ மாமியும் வந்திருந்தாள். அதுவரை ஜெபா அம்மாவிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வா என்றாள், இரு என்றாள், அவ்வளவுதான். மாமி நேராக சாமிடம் போய் அவன் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தாள். மற்ற கண்ணையும் பார்த்தாள்.

“வெளுத்திட்டு” என்றாள். “பேரு சொல்லதுக்கு முன்ன குடிச்சதாக்கும் கேட்டது.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் மறுக்கவில்லை. டாக்டர் ஓய்வு என்று சொல்லட்டும், மாமி வேர் என்று சொல்லட்டும். தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அதற்கு மேல் ஒரு வழக்கும் இல்லை.

ஜெபா இலை போட்டாள். தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு. சாம் முதல் வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். சாப்பிடுகிறானா ஜெபம் செய்கிறானா என்று தெரியவில்லை.

மாமிக்குக் கஞ்சியை ஊற்றி வைத்தாள் ஜெபா. வந்ததும் “எனக்குக் கஞ்சி போதும்” என்று மாமி சொல்லியிருந்தாள். மாமி அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. சாம் இரண்டாவது துண்டை எடுத்து, முள்ளை உருவி, ருசித்து விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி ஜெபா, எனக்கும் ஒரு துண்டு போடு.”

“கஞ்சி போதும்னியே?”

“அது அவரு சாப்பிடதுக்கு முன்னால. மருந்து குடுத்தவளும் பத்தியம் இருக்கணும்லா. அவரு மீனு தொடாம நான் எப்படித் தொட?”

ஜெபா கரண்டியோடு அப்படியே நின்றாள். “அப்பம் இவ்வளவு நாளும்?”

“உப்பும் இல்ல, மீனும் இல்ல. அதுக்கு என்ன இப்பம்? போடுட்டி, ஆறிப் போவுதுல்லா.”

ஜெபா சட்டியோடு வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். துண்டு துண்டாக எடுத்து முள்ளை நீக்கி இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மாமி போதும் என்று சொல்லவில்லை.